வயதுக்கு வந்த களிமண்

ஒரு மேசை. எதிரெதிரே இரண்டு களிமண் உருவங்கள், ஓர் ஆணும் ஒரு பெண்ணும். பார்த்துக்கொள்கிறார்கள், கை நீட்டித் தொடுகிறார்கள். தொட்ட இடத்தில் விரல் யாருடையது என்பது குழம்பிப்போகிறது. முத்தமிடும்போது இரண்டு முகங்களும் ஒன்றில் ஒன்று அமிழ்கின்றன. சற்று நேரத்தில் திரையில் இருப்பது ஒரே களிமண் அலை. அதில் ஒரு முதுகு எழும்பும், ஒரு கை தெரியும், ஒரு தொடை உருண்டு மறையும். பிறகு அலை பிரிகிறது. இருவரும் பழையபடி மேசையின் இரு பக்கமும் அமர்ந்திருக்கிறார்கள். நடுவில் ஒரு சிறு உருண்டை மட்டும் மிச்சமாகக் கிடக்கிறது.

அந்த உருண்டைக்கு உயிர் இருக்கிறது. ஊர்ந்து போய் ஒருவரைத் தொடுகிறது, அவர் தள்ளிவிடுகிறார். மற்றவரிடம் போகிறது, அங்கேயும் இடமில்லை. கொஞ்ச நேரம் இருவருக்கும் நடுவே அது இப்படி அல்லாடுகிறது. கடைசியில் ஒருவர் அதை எடுத்து மற்றவர் முகத்தில் அறைகிறார். அதன் பிறகு நடப்பது போர். இரண்டு நிமிடத்துக்கு முன்பு தடவிக்கொடுத்த அதே விரல்கள் கன்னத்தைக் கீறிப் பிய்க்கின்றன, கண்ணைத் தோண்டுகின்றன. இருவரும் மறுபடியும் ஒரே சேறாகிறார்கள். அலைக்கும் சேற்றுக்கும் களிமண் ஒன்றுதான்.

செக் நாட்டின் யான் ஷ்வாங்க்மாயர் 1982இல் எடுத்த 'உரையாடலின் பரிமாணங்கள்' என்ற குறும்படத்தின் நடுப்பகுதி இது. மொத்தப் படமும் கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு சொல்கூடப் பேச்சு கிடையாது. ஆண் பெண் உறவைப் பற்றி நான் பார்த்த படங்களில் இந்தச் சில நிமிடங்கள் அளவுக்கு வெளிப்படையாகப் பேசியவை மிகக் குறைவு. இதில் நடித்தவர் என்று ஒருவரும் இல்லை என்பதுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதே காட்சியை இரண்டு நடிகர்களை வைத்து எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த நடிகை யார், எப்படிச் சம்மதித்தார், படப்பிடிப்பில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று மனம் ஒரு பக்கம் கணக்குப் போடத் தொடங்கியிருக்கும். உடலின் அழகு குறுக்கே வந்திருக்கும். மிச்சமாகும் உருண்டைக்கு ஒரு குழந்தை நட்சத்திரம் வந்து, அதன் அழுகைக்கு வயலின் வாசிக்கப்பட்டு, யார் பக்கம் நியாயம் என்று நாம் தீர்ப்பும் சொல்லியிருப்போம். களிமண்ணில் இவை எதற்கும் இடமில்லை. ஆள் போய்விடுகிறார், செயல் மட்டும் மிஞ்சுகிறது. ஆசை, சலிப்பு, பொறுப்பைத் தட்டிக்கழித்தல், வெறி எல்லாம் பெயரும் முகவரியும் இல்லாமல் வந்து நிற்கின்றன. அந்த உருண்டை குழந்தைதானா என்றால், அதுவும் உறுதியில்லை. முதல்முறை பார்த்தபோது குழந்தை என்றுதான் எனக்கும் பட்டது. பின்னொரு சமயம், பழகிய இருவருக்குள் வெளியே சொல்ல முடியாமல் தங்கிவிடும் மனக்கசப்பாகத் தெரிந்தது. யாரும் சொந்தம் கொண்டாட விரும்பாத எதுவும் அந்த உருண்டையாக இருக்கலாம்.

நம் வீடுகளில் அனிமேஷன் என்றால் பிள்ளைகள் சாப்பிட அடம்பிடிக்கும்போது போட்டுவிடும் சமாச்சாரம். பெரியவர்கள் அறைக்குள் வந்தால் "பொம்மைப் படமா" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போவார்கள். பெரியவர்களுக்கான அனிமேஷன் என்று சொல்லிப் பாருங்கள். உடனே ஒரு நமட்டுச் சிரிப்பு வரும். கெட்ட வார்த்தை பேசும் கார்ட்டூன், அல்லது அதைவிட மோசமான ஒன்று. இந்த இரண்டுக்கும் வெளியே மூன்றாவதாக ஓர் இடம் இருப்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் அதைத் திரைப்பட விழாக்களின் ஓரத்தில், மாலைக் காட்சிக்கு முன்னால் ஓட்டும் குறும்படமாகத்தான் பார்த்திருப்பார்கள்.

ஷ்வாங்க்மாயர் படத்தின் முதல் பகுதியில் மூன்று தலைகள் வருகின்றன. ஒன்று காய்கனிகளும் பிற தின்பண்டங்களும் சேர்ந்தது. இன்னொன்று சமையல் பாத்திரங்களாலும் உலோகச் சாமான்களாலும் ஆனது. மூன்றாவது புத்தகம், காகிதம், எழுதுபொருள்களால் ஆனது. இப்படிப் பொருள்களை அடுக்கி முகம் வரைந்தவர் ஆர்ச்சிம்போல்தோ என்ற இத்தாலிய ஓவியர். பதினாறாம் நூற்றாண்டில் பிராக் நகரில் மன்னர் இரண்டாம் ருடால்ஃபின் அவையில் இருந்தவர். மன்னரையே பழங்களும் பூக்களுமாக வரைந்து கொடுத்தார். மன்னரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஷ்வாங்க்மாயர் 1934இல் பிறந்தது அதே பிராக்கில். ஆக, இந்த முகங்கள் அவருக்கு ஊர்ச் சொத்து.

ஓவியத்தில் நானூறு ஆண்டுகளாகச் சும்மா இருந்த முகங்கள் இங்கே ஒன்றையொன்று தின்கின்றன. பாத்திரத் தலை வாயைத் திறந்து காய்கனித் தலையை விழுங்குகிறது. உள்ளே கரண்டிகளும் மூடிகளும் காய்களை நசுக்குகின்றன, பிழிகின்றன, வெட்டுகின்றன. காமிரா ஒவ்வொரு நசுங்கலுக்கும் மிக அருகில் போகிறது. மென்று முடித்ததும் துப்புகிறது; துப்பியதில் இருந்து பழைய தலை மறுபடி எழுகிறது, முன்பைவிடச் சிறிய துண்டுகளாக. அடுத்து எழுதுபொருள் தலை பாத்திரத் தலையைத் தின்கிறது. பிறகு காய்கனித் தலைக்கு முறை வருகிறது. சுற்று ஏற ஏறத் துண்டுகள் பொடியாகின்றன, பொடி கூழாகிறது, கூழில் இருந்து கடைசியில் வழுவழுப்பான களிமண் மனிதத் தலைகள் வருகின்றன. அந்த மனிதத் தலை வாய் திறந்து தன்னைப் போலவே இன்னொரு தலையைக் கக்குகிறது. அதுவும் ஒன்றைக் கக்குகிறது. எல்லாம் ஒரே அச்சு.

கருத்துப் பரிமாற்றம் என்று எல்லா மேடைகளிலும் சொல்கிறார்களே, அதன் முழு வரலாறும் இதுதான் என்று எனக்குத் தோன்றியது. பேசிப் பேசி ஒருவரையொருவர் மென்று, கடைசியில் வேறுபாடு எதுவும் இல்லாதவர்களாகிறோம். அதற்கு உடன்பாடு என்று பெயர் வைக்கிறோம். ஒரே கட்சி ஆண்ட நாட்டில், 1982இல், ஒரே மாதிரித் தலைகள் வரிசையாக வெளிவருவதைத் திரையில் காட்டினால் அதிகாரிகளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது பகுதியை நண்பன் ஒருவன் வீட்டில் ஒருநாள் போட்டுக்காட்டினேன். இரண்டு கிழவர்களின் தலைகள். ஒருவர் வாயில் இருந்து பல் துலக்கும் தூரிகை நீளும். மற்றவர் வாயில் இருந்து பற்பசை வந்து அதன் மேல் பிதுங்கும். ஒருவர் ரொட்டியை நீட்டினால் மற்றவர் வெண்ணெய் தடவுவார். செருப்புக்கு நாடா, பென்சிலுக்குச் சீவி. எல்லாம் பொருந்தி, ஊர் மெச்சும் உரையாடல். பிறகு சேர்க்கை மாறுகிறது. ஒருவர் ரொட்டி நீட்டுகிறார், மற்றவர் அதில் பற்பசையைப் பிதுக்குகிறார். செருப்பில் வெண்ணெய் தடவப்படுகிறது, பென்சிலை நாடா சுற்றுகிறது. யாரும் நிறுத்துவதில்லை. பொருந்தாத எல்லாச் சேர்க்கைகளையும் முறைவைத்து முடித்துவிட்டு, இரண்டு தலைகளும் வெடிப்பு விழுந்து, நாக்குத் தள்ளி, மூச்சு வாங்குகின்றன.

நண்பனின் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். படம் முடிந்ததும், "இதைப் போய்க் கஷ்டப்பட்டு வெளிநாட்டில் எடுக்க வேண்டுமா தம்பி? இவன் அப்பா ஆபீஸ் விட்டு வந்ததும் இங்கே நடப்பது இதுதானே" என்றார். உள்ளே நாளிதழ் புரட்டும் சத்தம் ஒரு கணம் நின்றது. நான் அந்தப் படத்தைப் பற்றி வாசித்த எந்த விமர்சனத்திலும் இவ்வளவு துல்லியமான வரி இல்லை.

இந்தப் படத்துக்கு 1983இல் பெர்லின் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடி கிடைத்தது. அதே ஆண்டு பிரான்சின் அன்னெசி அனிமேஷன் விழாவில் முதல் பரிசும் கிடைத்தது. உள்ளூரில் கிடைத்த மரியாதை வேறு மாதிரி. செக்கோஸ்லோவாக்கியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மத்தியக் குழுவில் கருத்தியல் பிரிவினருக்கு இது போட்டுக்காட்டப்பட்டது, எப்படிப் படம் எடுக்கக்கூடாது என்பதற்கு உதாரணமாக. எனக்குத் தெரிந்து ஒரு கலைஞனுக்கு அரசு கொடுக்கக்கூடிய ஆகப் பெரிய பாராட்டு இதுதான். அவர்களுக்குப் படம் புரிந்திருக்கிறது.

ஷ்வாங்க்மாயருக்கு இது புதிதில்லை. 1970இல் குட்னா ஹோரா அருகே செட்லெட்ஸ் என்ற இடத்தில் உள்ள எலும்பு மண்டபத்தைப் பற்றி ஒரு குறும்படம் எடுத்தார். ஆயிரக்கணக்கான மனிதர்களின் எலும்புகளால் சரவிளக்கும் தோரணமும் செய்து வைத்திருக்கும் தேவாலயம் அது. படத்தில் முதலில் இருந்தது, பார்வையாளர்களைச் சுற்றிக் காட்டும் வழிகாட்டியின் வாடிக்கையான பேச்சு. அந்தப் பேச்சு ஆகாது என்று மேலிடம் சொல்ல, அதை நீக்கிவிட்டு ஒரு ஜாஸ் பாட்டைச் சேர்த்தார்கள். மண்டையோட்டு வரிசைகளைப் பற்றி அவர்களுக்குப் புகார் இல்லை; வழிகாட்டியின் குரல்தான் உறுத்தியது! அதற்குப் பிறகு அதிகாரிகளோடு மோதல் முற்றி, 1973 முதல் 1979 வரை அவரால் சொந்தமாகப் படம் எடுக்கவே முடியவில்லை. மற்றவர்களின் படங்களுக்குத் தந்திரக் காட்சிகளும் வடிவமைப்பும் செய்து காலம் தள்ளினார்.

அந்த ஆண்டுகளில் அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொடுவதற்கென்றே பொருள்கள் செய்தார். கண்ணால் பார்க்காமல் கையால் தடவி மட்டும் அறிய வேண்டிய சிற்பங்கள், தொடுகைக் கவிதைகள். அவரும் அவர் மனைவி, ஓவியர் ஏவா ஷ்வாங்க்மாயரோவாவும் 1970 முதல் பிராக் சர்ரியலிஸ்ட் குழுவில், அதாவது கனவையும் அடிமனதையும் கலையாக்க முயன்றவர்களின் குழுவில், இருந்தார்கள். குழு நண்பர்களிடம் இந்தச் சோதனைகள் நடந்தன. தடை நீங்கித் திரும்ப வந்தபோது அவர் கையில் ஒரு புதுப் புலன் இருந்தது. 'உரையாடலின் பரிமாணங்க'ளைப் பார்க்கும்போது நம் விரல் நுனிகள் கூசுவது அதனால்தான். அந்தக் களிமண் எவ்வளவு ஈரம், எங்கே காய்ந்திருக்கிறது, அழுத்தினால் எவ்வளவு உள்வாங்கும் என்பது பார்வையிலேயே தெரிந்துவிடுகிறது.

களிமண் அனிமேஷனில் வேலை செய்பவர்கள் ஒரு வினாடித் திரை நேரத்துக்கு உருவத்தைப் பன்னிரண்டு முறையாவது கையால் மாற்றிப் படம் பிடிக்க வேண்டும். வழுக்கலாக ஓட வேண்டுமென்றால் இருபத்துநான்கு. விளக்குச் சூட்டில் களி இளகும். இளகினால் முந்தைய பிரேமின் முகம் போய்விடும். சுத்தமான வேலைக்காரர்கள் கைரேகையை வழித்து மறைப்பார்கள். இந்தப் படத்தில் மறைக்கவில்லை. காதலர்களின் தோளிலும் கன்னத்திலும் இன்னொருவரின் பெருவிரல் பதிந்திருப்பது தெரிகிறது. அந்த விரல்களுக்குரியவர்களில் ஒருவர் விலாஸ்தா போஸ்பிஷிலோவா. அசைவைச் செய்தவர் அவர். பரிசுகள் எல்லாம் இயக்குநர் பெயரிலேயே எழுதப்படுகின்றன. அந்த முத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிசைந்தவர் ஒரு பெண் என்பதை எத்தனை பேர் கவனித்திருப்பார்கள்?

போஸ்பிஷிலோவா தொழில் பழகியது யிர்ஜி ட்ரன்காவின் ஸ்டுடியோவில். ட்ரன்கா பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். இங்கே அவருடைய கடைசிப் படத்தை மட்டும் சொல்கிறேன். பில்சன் ஊர்க்காரர், பொம்மலாட்டத்தில் தொடங்கி, சிறுவர் நூல்களுக்குப் படம் வரைந்து, 1968இல் அதற்காக ஆண்டர்சன் விருதும் வாங்கியவர். அவருடைய பொம்மைகளின் முகத்தில் எதுவும் அசையாது. வெளிச்சத்தையும் கோணத்தையும் மாற்றியே அந்த மர முகங்களை அழவும் சிரிக்கவும் வைப்பார். தேவதைக் கதைகளும் பழங்கதைகளும் எடுத்து, நாட்டின் செல்லப்பிள்ளையாக இருந்த அந்த மனிதர் 1965இல் 'கை' என்று பதினெட்டு நிமிடப் படம் ஒன்றை எடுத்தார்.

சிறு அறையில் ஒரு கோமாளிப் பொம்மை, தன் ரோஜாச் செடிக்குத் தொட்டி வனைந்துகொண்டிருக்கிறது. அறைக்குள் ஒரு பெரிய கை நுழைகிறது. வெள்ளைக் கையுறை போட்ட நிஜ மனிதக் கை. தொட்டி வேண்டாம், என்னைச் சிலையாகச் செய் என்கிறது. பொம்மை மறுக்கிறது. கை பரிசு தருகிறது, பணம் தருகிறது, மிரட்டுகிறது. ஒரு கட்டத்தில் சரிகைக் கையுறை மாட்டி, ஆடி மயக்கப் பார்க்கிறது. அந்தக் காட்சியில் ஒரு மணிக்கட்டும் ஐந்து விரல்களும் மட்டும்தான் இருக்கின்றன. இருந்தும் அது அப்பட்டமான ஆபாசம், அப்படித்தான் இருக்க வேண்டும். அதிகாரம் வலுவோடு மட்டும் வருவதில்லை, குழைந்தும் வரும் என்பதை இதைவிடக் கூச வைக்கும் விதமாக யாரும் காட்டியதில்லை. முடிவில் பொம்மை கூண்டில் அடைபட்டுச் சிலை செதுக்குகிறது, பதக்கம் வாங்குகிறது, தப்பி வீட்டுக்கு ஓடி வந்து கதவையும் ஜன்னலையும் ஆணியடித்து மூடுகிறது. அப்படி மூடிவைத்த அறைக்குள், தானே வனைந்த தொட்டி தலையில் விழுந்து செத்துப்போகிறது. கை வந்து அரசு மரியாதையோடு சவ அடக்கம் செய்கிறது.

ட்ரன்கா 1969 டிசம்பரில் இறந்தார். அவருக்கும் அரசு மரியாதை கிடைத்தது. படத்தைப் பிடுங்கிப் பூட்டி வைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து ஆட்சி மாறிய பிறகுதான் அது வெளியே வந்தது.

இந்த இரண்டு படங்களுக்கும் பணம் போட்டது அரசுதான் என்பதை மறந்துவிடக்கூடாது. 1945இல் அந்நாட்டுத் திரைத்துறை அரசுடைமை ஆனது. வசூல் கணக்குப் பார்க்கும் முதலாளி இல்லை. பொம்மைப் படம் என்றால் பிள்ளைகளுக்கானது என்று மேலதிகாரிகள் சற்று அசட்டையாகவும் இருந்தார்கள். அந்த அசட்டை என்ற சந்தில்தான் இவை எல்லாம் வளர்ந்தன. 1989க்குப் பிறகு தணிக்கை போனது. கூடவே பணமும் போனது. ஷ்வாங்க்மாயர் தன் கடைசி முழுநீளக் கதைப்படமான 'பூச்சி'க்கு இணையத்தில் பொதுமக்களிடம் நிதி திரட்ட வேண்டியிருந்தது. சர்வாதிகாரம் கலைக்கு நல்லது என்று இதை வைத்து யாராவது சொன்னால் அவரோடு சண்டைக்குப் போவேன். ஏழு ஆண்டு ஒருவரைச் சும்மா உட்கார வைத்த அமைப்பு அது. ஆனால் சந்தையும் தணிக்கைக்காரர்தான், கொஞ்சம் மென்மையாகப் பேசுவார், அவ்வளவே.

முதிர்ந்த விஷயம் என்றால் உடனே எல்லோரும் சொல்லும் பெயர் 'பெல்லடோனா'. ஜப்பானில் 1973இல் எய்ச்சி யமமோட்டோ இயக்கியது. காமிக்ஸ் ஓவியர் ஒசாமு தெசுகா தொடங்கிய முஷி ஸ்டுடியோவில் உருவான படம்; அந்த ஸ்டுடியோ அந்த ஆண்டே திவாலானது. இந்தப் படத்தோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. பிரெஞ்சுக் கிராமத்தில் புதிதாக மணமான பெண்ணைப் பண்ணையார் அவையில் வைத்துச் சீரழிக்கிறான். அவள் சாத்தானோடு பேரம் பேசிச் சூனியக்காரியாகிறாள். சீரழிக்கும் காட்சியில் உடல் கிழிவதைச் செந்நிறக் கோடாக, மேல்நோக்கிப் பிளந்து வௌவால்களாகப் பறப்பதாக வரைந்திருக்கிறார்கள். அந்தக் கணம் நியாயமானது. வலியைத் தவிர வேறு எதையும் பார்க்க விடுவதில்லை. மற்றபடி படம் முழுக்க நீர்வண்ண ஓவியங்களின் மேல் காமிரா நகர்கிறது. ஓவியங்கள் அபார அழகு. அதுதான் சிக்கல். அவள் நொந்து கிடக்கும்போதும் கூந்தல் கச்சிதமாக விரிந்திருக்கிறது. கோபப்படு என்று ஒரு கையால் சொல்லிவிட்டு, ரசித்துக்கொள் என்று மறு கையால் நீட்டுகிறார்கள். ஆள் இல்லாமல் செயலை மட்டும் காட்டும் வசதி அனிமேஷனுக்கு இருப்பதாகச் சொன்னேனே, அந்த வசதியை இவர்கள் பாதியிலேயே விட்டுவிட்டு, நடிகையே இல்லாத இடத்தில் ஒரு நடிகையை வரைந்து வைத்துவிட்டார்கள்.

உடல் இன்பத்தை அனிமேஷனில் அழகாகக் காட்டக் கூடாது என்று சொல்ல வரவில்லை. சுசன் பிட் 1979இல் முடித்த 'அஸ்பராகஸ்' படத்தைப் பாருங்கள். அமெரிக்க ஓவியர், பதினெட்டு நிமிடப் படத்துக்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். முகமில்லாத ஒரு பெண் முதல் காட்சியில் கழிவறையில் உட்கார்ந்திருக்கிறாள். வெளிவருவது தண்ணீர்விட்டான் கொடி இனத்தைச் சேர்ந்த, அவர்கள் ஊரில் காய்கறியாகச் சமைக்கும் அந்தத் தண்டு. இப்படி ஓர் அறிமுகத்தை எந்தக் கதாநாயகிக்குக் கொடுத்திருக்கிறார்கள்! பிறகு அவள் முகமூடி மாட்டி, ஒரு பையை எடுத்துக்கொண்டு நாடக அரங்குக்குப் போகிறாள். அரங்கில் களிமண் பார்வையாளர்கள் நெருக்கி அமர்ந்திருக்கிறார்கள். அவள் மேடைக்குப் பின்னால் போய்ப் பையைத் திறக்கிறாள். உள்ளே அடைத்து வைத்ததெல்லாம் கூட்டத்தின் தலைக்கு மேல் மிதந்து பறக்கிறது. வீட்டுக்கு வந்து அந்தத் தண்டைத் தடவுகிறாள், வாயில் வைக்கிறாள்; அது ஒவ்வொரு நொடியும் வேறு வேறாக மாறிக்கொண்டே போகிறது. நியூயார்க்கில் இது நள்ளிரவுக் காட்சிகளில் டேவிட் லிஞ்சின் முதல் முழுநீளப் படத்துக்குத் துணையாக ஓடியது.

இங்கே காமம் இருக்கிறது, ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. ஆனால் நமக்காக ஏற்பாடு செய்தது அல்ல. அவளுக்கு முகம் இல்லாததால் அவளைப் பார்த்து ரசிக்க வழியில்லை. அவள் எதைத் தொடுகிறாளோ அதைத்தான் நாமும் பார்க்க வேண்டும். கழிவு, பசி, காமம், படைப்பு நான்கும் ஒரே குழாயில் ஓடும் நீர் என்று பிட் அலட்டிக்கொள்ளாமல் சொல்லிவிட்டுப் போகிறார். 'பெல்லடோனா' முடிந்ததும் எனக்கு அந்தப் படத்தை எடுத்த ஆண்களைப் பற்றி யோசனை வந்தது. 'அஸ்பராகஸ்' முடிந்ததும் சந்தைக்குப் போய்க் காய்கறிகளை நேராகப் பார்க்கக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். ஷ்வாங்க்மாயர் 1988இல் ஆலிஸின் கதையை முழுநீளப் படமாக எடுத்தார். தொடக்கத்தில் ஒரு சிறுமியின் வாய் மட்டும் திரையில் தெரிந்து, இது பிள்ளைகளுக்கான படம் என்று சொல்லிவிட்டு, 'ஒருவேளை' என்று சேர்த்துக்கொள்கிறது. அதில் வரும் வெள்ளை முயல், வைக்கோலுக்குப் பதிலாக மரத்தூள் அடைத்த பதம் செய்த உடல். பாதங்களைப் பலகையோடு அடித்திருந்த ஆணிகளைப் பிடுங்கிக்கொண்டு எழுகிறது. தையல் விட்டு வயிற்றில் இருந்து மரத்தூள் கொட்டுகிறது. அது என்ன செய்கிறது தெரியுமா? ஒரு தட்டில் மரத்தூளைப் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டு, கொட்டிப்போனதை ஈடு செய்துகொள்கிறது.

உறவுக்காரப் பெண் ஒருத்தி, இரண்டாம் வகுப்பு படிக்கிறவள், என் கணினியில் இதைப் பாதியில் இருந்து பார்த்தாள். அவள் அப்பா பின்னால் நின்று நெளிந்துகொண்டிருந்தார். அவள் கேட்ட ஒரே கேள்வி, "சித்தப்பா, அதற்கு மரத்தூள் தீர்ந்துபோனால்?" பயப்படவில்லை, அழவில்லை. ஒரு உயிரின் பொருளாதாரத்தைப் பற்றி நேராகக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அவள் அப்பாவோ கணினியை மூடச் சொன்னார். ராத்திரி கனவு வரும் என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை.

இதனால் வயது வரம்பே வேண்டாம் என்று கொடி பிடிக்கவில்லை. இப்போது நம் தணிக்கை வாரியம் ஏழு வயது, பதின்மூன்று, பதினாறு என்று யுஏ சான்றிதழையே மூன்றாகப் பிரித்திருக்கிறது. பெற்றோருக்கு அது உதவியாகத்தான் இருக்கும். களிமண் காதலர்களை இரண்டாம் வகுப்புப் பெண்ணுக்கு நானும் காட்டமாட்டேன். ஆனால் அந்தப் பட்டியல்கள் எண்ணுவது ரத்தத்தையும் துணியில்லாத உடலையும் வசவுகளையும். இந்தப் படங்களில் பெரியவர்களைத் தொந்தரவு செய்வது அந்த எண்ணிக்கையில் வராது. ஒரு உருண்டையை இருவரும் தள்ளிவிடுவதற்கு எந்தச் சான்றிதழ்? ரொட்டியில் பற்பசை தடவுவதற்கு? முப்பது ஆண்டு ஒரே வீட்டில் வாழ்ந்தவர்களுக்கு மட்டும் என்று போட வேண்டியிருக்கும்.

கடைசியாக ஒன்று. ஷ்வாங்க்மாயர் 1992இல் 'உணவு' என்று ஒரு குறும்படம் எடுத்தார். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. இரவு உணவில் ஒவ்வொருவராக மேசையில் அமர்ந்து, தட்டை அலங்கரித்து, மசாலா தூவி, தங்கள் உடலின் ஓர் அங்கத்தையே சாப்பிடத் தொடங்குகிறார்கள். ஒருவர் தன் கையை, விளையாட்டு வீரர் தன் காலை, ஒரு பெண் தன் மார்பகங்களை. யாருக்கும் அதில் கூச்சம் இல்லை; நாகரிகமாக எலுமிச்சை பிழிந்துகொள்கிறார்கள். கடைசி ஆளின் தட்டில் இருப்பது அவருடைய ஆணுறுப்பு. முள்கரண்டியை எடுத்தவர், காமிரா தன்னைப் பார்ப்பதைக் கவனித்துவிடுகிறார். சட்டென்று ஒரு கையால் தட்டை மூடிக்கொள்கிறார். மறு கையால், போ போ என்று நம்மை விரட்டுகிறார். தன்னைத் தானே தின்பதற்குத் தயங்காத மனிதர், பார்த்துவிட்டார்களே என்றுதான் வெட்கப்படுகிறார். படம் அதோடு முடிகிறது. அரங்கில் எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கையில் இருந்தவர் மட்டும் முன்பதிவு செய்த ஆளிடம் திரும்பி, "இது அனிமேஷன் என்று சொல்லித்தானே கூட்டி வந்தாய்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.